கும்பகோணம் எந்தப் பக்கம் வளரலாம்?

தஞ்சாவூருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. வடக்கே வெண்ணாறும் வயலும் இருந்தாலும், தெற்கே வல்லம் வரைக்கும் செம்மண் மேடு. மருத்துவக் கல்லூரி, புதுப் பேருந்து நிலையம், 1981இல் வந்த தமிழ்ப் பல்கலைக்கழகம் என்று எல்லாமே அந்தப் பக்கம் ஏறிக்கொண்டன. கும்பகோணத்துக்கு அந்த மேடு வாய்க்கவில்லை. காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையில் ஊர். எந்த ஆற்றைத் தாண்டினாலும் நஞ்சை. 2021இல் மாநகராட்சியாகி, தாராசுரத்தையும் சேர்த்துக்கொண்ட ஊர் இனி எங்கே போகும்?

இப்போது நடப்பது முதல் வழி: அவரவர் வாங்கிய வயலில் அவரவர் மனை போடுவது. ஆட்சியர் இசைவு, நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் எல்லாம் வேண்டும். 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டதிலிருந்து காகிதத்தில் கவனம் கூடியிருக்கிறது. மண்ணில்தான் இல்லை. போன ஐப்பசியில் புறவழிச்சாலை ஓரம் ஒரு மனைப்பிரிவைப் பார்த்தேன். மூன்றடிக்குச் செம்மண் கொட்டி, மஞ்சள் கல் நட்டு, வாசலில் வளைவெல்லாம் வைத்திருந்தார்கள். வயலுக்கு வயல் தண்ணீர் விடவும் வடிக்கவும் குறுக்கே ஓடிய சின்னக் கண்ணி வாய்க்காலுக்கு ஒரே ஒரு சிமெண்டுக் குழாய். அதிலும் பாதி சேறு. மேலண்டை வயலில் சம்பா நடவு மூழ்கிக் கிடந்தது. “கீழண்டைக்காரனுக்கு ஆனியில தண்ணி வராது, எனக்கு ஐப்பசியில வடியாது தம்பி” என்றார் வரப்பில் நின்றவர்.

இதில் ஒரு நுணுக்கம். புறம்போக்கில் ஓடும் வாய்க்கால், நில அளவைத் துறையின் புலப்படத்தில் இருக்கும். பட்டா நிலத்துக்குள் பங்காளிகள் வாய்ப்பேச்சில் விட்டுக்கொண்ட கண்ணி பெரும்பாலும் எந்தப் படத்திலும் இராது. படத்தில் இல்லாததை மறிப்பதற்கு யார் அனுமதி கேட்பார்கள்?

“அதுதான் வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே” என்பார்கள். 2020இல் வந்த அந்தச் சட்டம் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளையும் உருக்காலைகளையும் தடுக்கிறது, நல்லது. வீட்டுமனை அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. துரப்பணத்துக்குத் தப்பிய வயல் மனைக்கல்லுக்குத் தப்பவில்லை.

இரண்டாவது வழி, நிலத்தை ஒன்றாகச் சேர்த்து, சாலையும் வடிகாலும் வெட்டிய பிறகு உரியவர்களுக்கே திருப்பிப் பிரித்துக் கொடுப்பது. லேண்ட் பூலிங் என்கிறார்கள். 1915ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டத்திலிருந்தே குஜராத் பக்கம் பழக்கமான முறை; தமிழ்நாட்டுச் சட்டத்திலும் இப்போது இடம் உண்டு. இதன் பலம் என்னவென்றால், நாலு பேரின் நாலு வேலி நிலம் ஒரே படத்தில் வருவதால் வாய்க்காலை முதலில் வரைந்துவிட்டு மனையை அதற்கு ஏற்ப வளைக்கலாம். பலவீனம், நம் ஊர்ப் பட்டா. தாத்தா பெயரில் பட்டா, பேரன் சிங்கப்பூரில், அத்தை வழக்கு நீதிமன்றத்தில். மூன்று மா நிலத்துக்கு ஏழு கையெழுத்து வாங்குவதற்குள் பக்கத்து வயலில் கல் நட்டுவிடுவார்கள்.

மூன்றாவது, உள்ளே நெருக்குவது. இதுதான் எனக்குப் பிடித்தது; இதுதான் சிக்கலும். பழைய தெருக்களில் வீடு குறுகலாக, கொல்லை வரை ரயில்பெட்டி போல நீளும். மூன்று மாடி எழுப்பினால் முற்றத்து வெளிச்சம் போய்விடும். அடுத்த வீட்டுக்கும் சேர்த்துத்தான். தொல்லியல் துறை பாதுகாக்கும் தாராசுரம் கோயிலைச் சுற்றி முதல் 100 மீட்டரில் புதுக் கட்டடமே கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்குத் தொல்லியல் அனுமதி வேண்டும். வீடு நிற்கும் மண் கோயிலுக்குச் சொந்தம், அதாவது கோயில் அடிமனை என்றால், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கே அறநிலையத் துறை ஆணையரின் ஒப்புதல் தேவை; எந்த வங்கி கடன் கொடுக்கும்? இத்தனைக்கும் நடுவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் பழைய அரிசி ஆலை வளாகங்களும் உண்டு. சாக்கடை, குடிநீர், பேருந்து ஏற்கெனவே வந்து சேர்ந்த இடங்கள் அவை. அங்கே இரண்டு மாடிக்கு வழி செய்தாலும், அந்த அளவுக்கு வயல் மிஞ்சும்.

என்னைக் கேட்டால் முதலில் ஆலை வளாகங்கள், போதாததற்கு ஊரை ஒட்டிய வயல்களில் பூலிங். தனித்தனி மனைப்பிரிவுக்கு அதுவரை இசைவே கொடுக்கக் கூடாது. ஆனால் ஊரின் முழுமைத் திட்டப் (மாஸ்டர் பிளான்) படத்தில் குடியிருப்புக்கு மஞ்சள் பூசுவதற்கு முன், ஒரு ஐப்பசி முழுக்க அளவையாளரும் நீர்ப்பாய்ச்சுகிறவரும் சேர்ந்து வரப்பில் நடந்து, கண்ணிகளை ஒவ்வொன்றாக அந்தப் படத்தில் ஏற்ற வேண்டும். கோடையில் நடந்தால் ஒன்றும் தெரியாது. காய்ந்த பள்ளத்துக்கும் வாய்க்காலுக்கும் வித்தியாசம் தண்ணீர் ஓடும்போதுதான்.