சியாட்டில் டவுன் ஹால்: செவிக்காகக் கட்டப்பட்ட கூடம்

சியாட்டில் நகரின் ஃபர்ஸ்ட் ஹில் பகுதியில், எட்டாவது அவென்யூவும் செனக்கா தெருவும் சந்திக்கும் முனையில், வெளிர்நிறச் சுடுமண் பலகைகள் போர்த்திய பழைய தேவாலயம் ஒன்று நிற்கிறது. 1999 முதல் அதுதான் டவுன் ஹால் சியாட்டில். பெயரைக் கேட்டு மாநகராட்சி அலுவலகம் என்று எண்ணிவிட வேண்டாம். இது லாப நோக்கமற்ற ஓர் அமைப்பு நடத்தும் பொதுக்கூடம். அறிவியல், அரசியல், வரலாறு, பொருளாதாரம் என்று புனைவல்லாத நூல்களை எழுதியவர்கள் மாலை வேளைகளில் இங்கே வந்து தம் நூலைப் பற்றிப் பேசுகிறார்கள். இசை நிகழ்ச்சிகளும் உண்டு என்றாலும், நான் போவது பேச்சுக்காக மட்டுமே என்பதால் இந்த மதிப்புரையும் அதனோடு நின்றுவிடும்.

முதலில் கட்டணம். பல ஆண்டுகள் இங்கே நூலாசிரியர் உரைகளுக்கு நுழைவுச்சீட்டு 5 டாலர்தான். இப்போது பெரும்பாலான உரைகளுக்குப் படிநிலைக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். குறைந்த தொகையிலிருந்து உயர்ந்த தொகை வரை சில படிகள் இருக்கும், நம் கைக்கு எட்டுவதை நாமே தேர்ந்துகொள்ளலாம், வருமானச் சான்று எதையும் யாரும் கேட்பதில்லை. 22 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு இலவசம். காரில் போனால் நகர மையத்தில் வண்டியை நிறுத்தக் கொடுக்கும் தொகை, குறைந்த படியின் சீட்டுவிலையைத் தாண்டிவிடக்கூடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இவ்வளவு மலிவாக எப்படி முடிகிறது என்ற ஐயம் எனக்கு நெடுநாள் இருந்தது. புதிய நூல் வெளிவந்ததும் அமெரிக்கப் பதிப்பகங்கள் அதன் ஆசிரியரை ஊர் ஊராக அனுப்புவது வழக்கம். அப்படிச் சுற்றில் வருபவர்களுக்குப் பொதுவாகத் தனிப் பேச்சுக்கட்டணம் தர வேண்டியிருக்காது. நகரத்துப் புத்தகக் கடைகள் கூடத்துக்கே வந்து நூலை விற்கின்றன. மீதியை உறுப்பினர் சந்தாவும் நன்கொடையும் கூடத்தின் வாடகையும் தாங்குகின்றன. ஆக, நாம் கேட்பது ஒருவகையில் நூலுக்கான விளம்பரமும்தான். ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் ஒரே பொருளைத் தோண்டிய ஒருவர் மேடையேறி ஒரு மணி நேரம் பேசும்போது, அதை விளம்பரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

இந்த இடத்தின் உண்மையான சிறப்பு கட்டடத்தில் இருக்கிறது. கிறிஸ்தவ அறிவியல் (கிறிஸ்டியன் சயன்ஸ்) என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபைக்குச் சியாட்டிலில் நான்காம் ஆலயமாக 1916இல் தொடங்கி 1922இல் முடிக்கப்பட்டது இது. வடிவமைத்தவர் ஜார்ஜ் ஃபுட் டன்ஹம். அந்தச் சபையின் வழிபாட்டில் குருமார் பிரசங்கம் கிடையாது. இரண்டு வாசகர்கள் மேடையில் நின்று மறைநூற்பகுதிகளை உரக்க வாசிப்பார்கள், சபையினர் அமர்ந்து கேட்பார்கள், அவ்வளவே. அதனால் பெரிய கூடத்தில் நடுவழியும் பலிபீடமுமாக நீளாமல், மேடையைச் சுற்றி வளைந்து உயரும் மரப் பெஞ்சுகளை அமைத்திருக்கிறார்கள். பேச்சொலி எல்லா வரிசைக்கும் எட்டவேண்டும், எல்லாக் கண்ணும் பேசுபவரைப் பார்க்கவேண்டும் என்ற நோக்கம் அந்த வளைவிலேயே தெரிகிறது. 2017க்கும் 2019க்கும் இடையே நிலநடுக்கத்தைத் தாங்கும்படி வலுவூட்டிப் புதுப்பித்தபோதும் அந்தப் பெஞ்சுகளை விட்டுவைத்தார்கள். அந்த இரண்டாண்டும் நிகழ்ச்சிகளை நகரத்தின் பல பகுதிகளுக்குக் கொண்டுபோய் நடத்தினார்கள். பெஞ்சில் கைப்பிடி வைத்துப் பிரித்த இருக்கைகள் இல்லை என்பதால், அறிமுகமில்லாதவரோடு சற்று நெருங்கித்தான் உட்கார வேண்டும். இடைவேளையில் பேச்சு தொடங்குவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். கீழ்த்தளத்தில் ஃபோரம் என்ற சிறிய அரங்கும் இருக்கிறது. பொருள் கடினமானதாக இருந்தால் எனக்கு அதுவே பிடிக்கும்.

பெரும்பாலும் மாலை 7.30க்கு நிகழ்ச்சி தொடங்கும். அமைப்பின் ஊழியர் ஒருவர் வந்து, கூடம் நிற்கும் நிலம் இப்பகுதியின் பூர்வகுடிகளான கோஸ்ட் சாலிஷ் மக்களுடையது, குறிப்பாக டுவாமிஷ் மக்களுடையது என்று நினைவுகூர்ந்து, ஆசிரியரைச் சில வரிகளில் அறிமுகம் செய்துவிட்டு இறங்கிவிடுவார். வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை, பொன்னாடை என்று சிறப்பு விருந்தினரின் நேரத்தை நாலுபேர் பங்குபோட்டுக்கொள்ளும் கூட்டங்களில் வளர்ந்த எனக்கு, முதல் முறை இது ஏதோ குறைவதுபோல் இருந்தது. இப்போது ஊருக்குப் போய்க் கூட்டங்களில் அமரும்போது கை தானாகக் கடிகாரத்தைத் தேடுகிறது.

எல்லா மாலையும் ஒரேபோல் அமைவதில்லை. ஆசிரியர் தனியே நின்று பேசும் நிகழ்ச்சிகளில் வாதம் படிப்படியாக எழும். இன்னொருவர் எதிரே அமர்ந்து உரையாடும் நிகழ்ச்சிகளில் சுவையான கதைகள் கிடைக்கும், நூலின் முதுகெலும்பு கிடைக்காது. நிகழ்ச்சிக் குறிப்பில் உரையாடுபவர் பெயர் இருந்தால், அவர் அந்தத் துறையைச் சேர்ந்தவரா என்று பார்த்துவிட்டே நான் சீட்டு எடுக்கிறேன். முன்னரே நூலைப் படித்திருந்தால் பேச்சில் பாதி தெரிந்ததாகவே இருக்கும். படிக்காமல் போவதே நல்லது என்பது என் அனுபவம். கேள்வி நேரம் எந்த நாட்டிலும் மாறாது போலிருக்கிறது. ஒலிவாங்கியைப் பிடித்ததும் தம் கருத்தை உரையாகவே ஆற்றிவிட்டு, கடைசியில் கேள்விக்குறி ஒன்றை ஒட்டிவைக்கும் பெரியவர் இங்கும் உண்டு.

பல உரைகளை இணையத்திலும் நேரலையாகத் தருகிறார்கள். சியாட்டிலை அடுத்த பெல்வியூ, ரெட்மண்ட் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு வேலைநாள் மாலையில் அது வசதிதான். நேரில் வருபவர்கள் சிம்ஃபனி ரயில் நிலையத்தில் இறங்கி மேட்டில் ஏற வேண்டும். நெடுஞ்சாலையின் மேலேயே 1976இல் அமைத்த ஃப்ரீவே பூங்கா வழியாக வந்தால் ஏற்றம் தெரியாது, இருட்டியபின் திரும்பும்போது தெருவழியே இறங்குவது நல்லது. கல்லூரியில் படிக்கும், 22 வயதைத் தாண்டாத பிள்ளைகள் இருந்தால் உடன் அழைத்து வாருங்கள், அவர்களுக்குச் செலவே இல்லை. கையெழுத்து வாங்க நினைப்பவர்கள் வரிசையில் நிற்கும்போதே பெயரை ஒரு துண்டுத்தாளில் பெரிய எழுத்தில் எழுதி, நூலின் முதல் பக்கத்தில் வைத்துவிடுங்கள். நம் பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்லி முடிப்பதற்குள், ஆசிரியரிடம் கேட்க வைத்திருந்த ஒரே கேள்விக்கும் நேரம் போய்விடும்.