கேட் ஆப்: இரண்டு வருஷம் பயன்படுத்திய பிறகு

எங்கள் குடியிருப்பு பெருங்குடி பக்கம். நாலு பிளாக், 212 வீடு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அசோசியேஷன் பொதுக்குழுவில் கைதூக்கி முடிவெடுத்து இந்த கேட் ஆப்பைக் கொண்டுவந்தார்கள். பெயரை எழுதவில்லை. இந்த வகை ஆப் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. உங்கள் அபார்ட்மென்ட்டிலும் ஏதாவது ஒன்று இருக்கும். நான் தபால் துறையில் 33 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நேரம் நிறைய. அதனால் இதன் மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முன்பு வாட்ச்மேன் மேஜையில் ஒரு நீள நோட்டு, நூலில் கட்டிய பேனா. வருகிறவர்கள் "குமார், 2 பேர்" என்று கிறுக்கிவிட்டு உள்ளே போவார்கள். எந்தக் குமார், யார் வீட்டுக்கு, ஒன்றும் தெரியாது. இப்போது கூரியர் வந்தால் போன் அடிக்கிறது, அனுமதி என்று தட்டினால் போதும். தண்ணீர் லாரி எத்தனை நடை வந்தது என்ற கணக்கும் அதிலேயே ஏறிவிடுவதால், கோடையில் பொருளாளரோடு நடக்கும் சண்டை பாதியாகக் குறைந்துவிட்டது. இந்த ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம்.

வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு ஆறு இலக்க எண். கேட்டில் அதைத் தட்டியதும் எனக்குத் தகவல் வரும். எங்கள் அக்கா தினமும் 6.50-க்கும் 6.55-க்கும் நடுவில் வந்துவிடுவார். (என்னைவிட இரண்டு வயது சின்னவர்தான். பிளாக்கே அக்கா என்று கூப்பிடுவதால் எனக்கும் அக்கா.) மாதக் கடைசியில் காலண்டரைப் பார்த்து நாள் எண்ணும் வேலை இல்லை. ஒரு மாதம் மட்டும் ஆப் கணக்கும் அக்கா கணக்கும் ஒரு நாள் இடித்தது. விசாரித்தால், அன்றைக்கு கேட்டில் இருக்கும் டேப்லெட் ஹேங் ஆகியிருக்கிறது. அக்கா விரல் விட்டு எண்ணியதுதான் சரி.

இனி ஸ்டார் விஷயம். அக்கா பெயரைத் தொட்டால் அவர் போட்டோ, எந்தெந்த வீட்டில் வேலை செய்கிறார், எத்தனை மணிக்கு உள்ளே வந்து எத்தனை மணிக்கு வெளியே போனார், சராசரி ஸ்டார் எவ்வளவு என்று எல்லாம் தெரியும். 212 வீட்டுக்காரர்களும் பார்க்கலாம். அக்கா பார்க்க முடியாது. அவரிடம் இருப்பது பட்டன் போன்.

நான் போட்டது நாலு ஸ்டார். ஒன்றும் குறை இல்லை. எங்கள் காலத்துக் கணக்கில் ஐந்துக்கு நாலு என்றால் 80 மார்க், டிஸ்டிங்ஷன். ஐந்தைக் கடவுளுக்கு வைத்திருந்தோம்.

போன ஆடியில் சி பிளாக்குக்குப் புதிதாகக் குடிவந்த பெண் இன்டர்காமில் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, உங்க வீட்டு அக்காவுக்கு 3.8தான் இருக்கு. ஏதாவது பிரச்னையா?"

"ஒண்ணும் இல்லைம்மா, தங்கமான மனுஷி."

"ஆனா நீங்களே நாலுதானே போட்டிருக்கீங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவள் 4.8 உள்ள வேறு ஆளை வைத்துக்கொண்டாள். அக்காவுக்கு மாதம் 3,500 ரூபாய் வர வேண்டிய வீடு கைவிட்டுப் போனது. ஏன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. "அவங்களுக்கு ஆள் வேணாமாம்மா" என்று மட்டும் சொன்னார்.

உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து வீடு ஸ்டார் போட்டிருக்கிறது: 5, 5, 4, 4, 1. அந்த ஒன்று, ஆடி மாதம் ஊரில் கூழ் ஊற்ற மூன்று நாள் லீவு கேட்டதற்காக ஒரு வீட்டில் கொடுத்தது. கீழே "நேரம் தவறுபவர்" என்று ஒரு பட்டை வேறு. அன்று ராத்திரியே என்னுடையதை ஐந்தாக மாற்றினேன், 4.0 ஆனது. சி பிளாக்கில் அதற்குள் வேறு ஆள் வந்தாயிற்று.

இது எனக்குப் புதிய கதை இல்லை. சர்வீஸில் எங்களுக்கு வருஷா வருஷம் ரகசிய அறிக்கை எழுதுவார்கள், சி.ஆர். என்போம். மோசமாக எழுதினால்தான் நம்மிடம் சொல்வார்கள். தேவ் தத் என்று எல்லைச் சாலைகள் அமைப்பில் ஒரு பொறியாளர். பதவி உயர்வுக்கு "மிக நன்று" வேண்டும். அவருக்கு ஒரு வருஷம் "நன்று" என்று எழுதிவிட்டார்கள். நன்றுதானே என்று அவரிடம் சொல்லவில்லை. அந்த "நன்று" உயர்வைக் கெடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2008-ல் தீர்ப்பானது. அடுத்த வருஷம் முழு அறிக்கையையும் காட்டச் சொல்லி ஆணை வந்தது. நான் போட்ட நாலு ஸ்டார், அச்சு அசல் அந்த "நன்று".

ஆப்காரர்களின் உதவி எண்ணில் கேட்டேன். வேலையாளின் பக்கத்தை வேலையாளுக்குக் காட்ட வசதி இல்லையாம். போலீஸ் சரிபார்ப்புச் சான்றை ஏற்ற மட்டும் இடம் வைத்திருக்கிறார்கள். வீட்டு வேலை செய்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007-லிருந்து நலவாரியம் இருக்கிறது, அதன் அட்டையை ஏற்ற இடம் உண்டா என்றேன். அந்தப் பையன் "அப்படின்னா என்ன மேடம்?" என்றான்.

என் அண்ணன் மகன், "சீனா மாதிரி ஆயிடுச்சு அத்தை" என்கிறான். அங்கே ஷான்டோங் மாகாணத்தில் ரோங்செங் என்ற ஊரில் ஆளுக்கு 1,000 புள்ளியில் ஆரம்பித்து, நல்லது செய்தால் கூட்டல், தப்பு செய்தால் கழித்தல் என்று நடத்தியிருக்கிறார்கள். அதில் எதற்கு எவ்வளவு என்று ஒரு பட்டியலாவது உண்டு. கூழ் ஊற்றப் போனால் நாலு ஸ்டார் குறையும் என்று அக்காவுக்கு யார் சொன்னார்கள்?

அசோசியேஷன் கூட்டத்தில் ஸ்டாரை எடுத்துவிடலாம் என்று எழுந்து சொன்னேன். "அது அவரவர் தனிப்பட்ட கருத்து மேடம், அசோசியேஷன் எப்படித் தலையிட முடியும்?" என்றார் செயலாளர். சரி என்று உட்கார்ந்தேன். அதற்கு அடுத்த தீர்மானம், வேலைக்காரர்களுக்கு யாரும் தனியாகச் சம்பளம் ஏற்றக் கூடாது, ஒரு வீட்டில் ஏற்றினால் எல்லாரையும் பாதிக்கும், ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்பது. அதே செயலாளர்தான் படித்தார். ஒருமனதாக நிறைவேறியது. நான் கை தூக்கவில்லை. ஆனாலும் குறிப்பில் ஒருமனதாக என்றுதான் இருக்கிறது.

வாங்கலாமா என்று கேட்டால்: கூரியருக்கும் லாரிக்கும் தாராளமாக வாங்கலாம். வேலையாள் பகுதியில் வருகைப் பதிவை மட்டும் பயன்படுத்துங்கள். ஸ்டார் போட்டே ஆக வேண்டும் என்றால், நாலு என்றால் அங்கே ஃபெயில் என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

இன்னொரு சமாச்சாரம். வேலைக்கு வருகிறவர்களிடமும் ஒரு ரேட்டிங் இருக்கிறது, எந்த ஆப்பும் இல்லாமல். காலையில் ஷேர் ஆட்டோவில் வரும்போதே எந்த வீட்டில் சம்பளம் இழுக்கும், எந்த வீட்டில் டீ கிடைக்கும், எந்த வீட்டு ஐயா இருக்கும்போது தனியாகப் போகக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். புதிதாக வருகிறவளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்களாம். எங்கள் வீட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். அக்கா ரொம்ப நேரம் சிரித்தார், பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார், அப்புறம் சொன்னார்: "ஃபேன் போடாத வீடு."

பெருக்கும்போது ஃபேன் போட்டால் குப்பை பறக்குமே என்றேன்.

"பெருக்கும்போது சரிம்மா. துடைக்கும்போது போடலாம்ல?"

இப்போது அவர் பக்கெட்டை எடுத்ததும் நான் எழுந்துபோய் ஸ்விட்சைப் போட்டுவிடுகிறேன். பெயர் மாறிவிட்டதா என்று இன்னும் கேட்கவில்லை.