மாற்று ஷாக் அப்சர்பர்களுடன் 41,000 கிலோமீட்டர்: ஸ்விஃப்ட் டீசல் பயன்பாட்டு அனுபவம்

2013-இல் வாங்கிய எங்கள் ஸ்விஃப்ட் டீசலுக்கு நான்கு ஷாக் அப்சர்பர்களையும் மாற்றி 3 ஆண்டுகளும் 41,000 கிலோமீட்டரும் ஆகின்றன. புதிது பூட்டிய மறுநாள் எந்த வண்டியும் நன்றாகவே ஓடும் என்பதால், இத்தனை காலம் பொறுத்திருந்து எழுதுகிறேன். கோபிசெட்டிபாளையத்திலிருந்து சத்தியமங்கலத்துக்கு அன்றாடம் வேலைக்குப் போய்வருவதும், மாதம் ஒருமுறை திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கித் தாளவாடிக்குச் செல்வதுமே இந்த வண்டியின் ஓட்டம்.

வண்டியோடு வந்த ஷாக் அப்சர்பர்கள் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் மேல் உழைத்தன; அவற்றின் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் அவை தளர்ந்ததை நான் மிகத் தாமதமாகவே உணர்ந்தேன். தளர்ச்சி ஒரே நாளில் வருவதில்லை. ஓட்டுபவரின் கையும் உடம்பும் அதற்குப் பழகிவிடுகின்றன. பின்னிருக்கையில் வரும் அம்மா கதவுக்கு மேலுள்ள கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொள்ளத் தொடங்கியபோது, வயதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். வேகத்தடையைக் கடந்த பின் வண்டி ஒரே அசைவில் அடங்காமல் இரண்டு மூன்று முறை ஆடுவதும், பிரேக் பிடித்தால் முன்பக்கம் ஆழமாகக் குனிவதும், திம்பத்தில் ஒரு வளைவின் சாய்வு நிமிர்வதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுவதும் அதன் பிறகே கவனத்துக்கு வந்தன. முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவியபோது, ரப்பர் சீராகத் தேயாமல் மேடும் பள்ளமுமாக அலையலையாக இருந்தது. சக்கரம் சாலையை விட்டுத் துள்ளித் துள்ளி இறங்கினால் டயர் இப்படித்தான் தேயும். பானெட்டின் மூலையை அழுத்திவிட்டுப் பார்க்கும் வழக்கமான சோதனையில் என் வண்டி தேறிவிட்டது. முற்றிலும் செயலிழந்த ஷாக் அப்சர்பரை மட்டுமே அந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

எதை வாங்குவது என்பதில்தான் அதிக நாட்கள் செலவழிந்தன. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல், உள்ளிருக்கும் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி ஆட்டத்தை வெப்பமாக மாற்றி அடக்குவதே ஷாக் அப்சர்பரின் பணி. மேடுபள்ளம் நிறைந்த சாலையில் தொடர்ந்து ஓடும்போது எண்ணெய் நுரைத்து, அடக்கும் திறன் குறைகிறது. நைட்ரஜன் வாயு நிரப்பிய வகையில் இந்த நுரைப்பு குறைவு. உயர் அழுத்த வாயு கொண்ட ஒற்றைக் குழாய் வகை இன்னும் விரைவாகச் சூடு தணியும் என்பதால், மலைப்பாதைக்கு அதுவே சிறந்தது என்று ஒரு கட்டத்தில் முடிவு செய்திருந்தேன். ஆனால் பழைய ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு கடினமான ஷாக் அப்சர்பரைப் பூட்டினால், அன்றாடம் செல்லும் சாலையின் ஒவ்வொரு ஒட்டுப்போட்ட பள்ளமும் இடுப்பில் தெரியும். அந்த ஒற்றைக் குழாயில் ஒரு கல் பட்டு நெளிந்தாலும் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். ஆகவே ஸ்பிரிங்குக்குப் பொருத்தமான, இரட்டைக் குழாய் கொண்ட காப்ரியல் நிறுவன ஷாக் அப்சர்பர்களையே தேர்ந்தெடுத்தேன். டீசல் எஞ்சின் கனமானது என்பதால் பெட்ரோல் வண்டிக்குரியதைத் தந்துவிடாமல், பெட்டியின் மீதிருந்த பாக எண்ணைச் சரிபார்த்தே வாங்கினேன்.

தேர்வு சரியாக இருந்தும் முதல் முறை பூட்டியது வீணாயிற்று. முன்பக்க இணையைப் பூட்டிய பட்டறையில், மேல் நட்டை முறுக்கும்போது ஷாக் அப்சர்பரின் பிஸ்டன் தண்டு சுழலாமல் இருக்க, பளபளப்பான அந்தத் தண்டையே பைப் ரெஞ்சால் கவ்விப் பிடித்திருக்கிறார்கள். ஐந்தாவது மாதம் இடது பக்கம் எண்ணெய் வழிந்தது. ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தபோது, குரோம் பூச்சில் நான்கு பற்களின் தடம் வரிசையாகத் தெரிந்தது. நகத்தால் வருடினால் ஒவ்வொன்றும் தட்டுப்பட்டது. அந்தக் கீறல் மேலும் கீழும் போய்வரும்போதெல்லாம் எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை (ஆயில் சீல்) அறுத்திருக்கிறது. பூட்டியவரின் பிழைக்கு உத்தரவாதம் செல்லாது என்பது நியாயமே. வலது தண்டிலும் அதே தடம் இருந்ததால் இரண்டையும் மீண்டும் வாங்க நேர்ந்தது.

இரண்டாம் முறை சத்தியமங்கலத்தில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் கொடுத்தேன். "ஷாக்கரை மட்டும் மாத்துனா பாதி வேலைதானுங்க" என்று சொல்லி, முன் ஷாக் அப்சர்பரின் மேல்முனையை வண்டியோடு இணைக்கும் பழைய ஸ்ட்ரட் மவுண்ட்டைக் கையில் கொடுத்தார். நடுவிலிருந்த ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்திருந்தது. பேரிங் மணல் அரைவது போலச் சுழன்றது. மவுண்ட், பேரிங், முழுதாக அழுந்தும்போது அடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப், தூசி உறை ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றினோம். புதிய ஷாக் அப்சர்பரை நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுமையாக அழுத்தி இழுத்து, படுத்த நிலையில் இருந்ததால் இடம் மாறிய காற்றை வெளியேற்றிய பிறகே பூட்டினார். பின்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் தனித்தனியாக இருப்பதால் அங்கே வேலை எளிது. ஆனால் கீழ் போல்ட்டை, வண்டியைத் தரையில் இறக்கிச் சக்கரத்தின் மேல் எடை நின்ற பிறகே இறுதியாக இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால் போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் எந்நேரமும் முறுகியே கிடந்து விரைவில் கிழிந்துவிடும். அன்றே சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டும் பார்த்தோம். உதிரி பாகங்களும் கூலியும் சேர்ந்து ஏறத்தாழ 12,000 ரூபாய் ஆயிற்று. முதல் முறை வீணானது இதில் சேராது.

அதன் பிறகு வேகத்தடையைக் கடந்தால் ஒரே அசைவில் வண்டி அடங்குகிறது. ஐந்து பேர் ஏறித் திம்பம் இறங்கும்போது மட்டும் பின்பக்கம் சற்று மென்மையாகத் தெரிகிறது; விரைவாக ஓட்டுபவர்களுக்கு இது குறையாகப் படலாம், எனக்கு இந்த மென்மையே உகந்தது. அப்போது மாற்றிய முன் டயர்கள் இன்றுவரை சீராகவே தேய்கின்றன. அம்மா கைப்பிடியைத் தேடுவதில்லை; போன மாதம் தாளவாடியிலிருந்து திரும்பும்போது ஆசனூர் தாண்டியதும் தூங்கிவிட்டார்.

சென்ற வாரம் உறைகளை விலக்கிப் பார்த்தேன். வலது முன் தண்டின் அடியில் மெல்லிய எண்ணெய்ப் படலம், அதில் கொஞ்சம் தூசி. துடைத்துவிட்டு நான்கு நாள் கழித்துப் பார்த்தபோது மீண்டும் ஈரம் இல்லை. வழியாதவரை இது கசிவு ஆகாது. இடது பின்பக்கக் கீழ் புஷ் மட்டும் காலைக் குளிரில் முனகத் தொடங்கியிருக்கிறது. அடுத்த சர்வீஸில் அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.