கேம்பர் வேன் கட்டக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, படுக்கையும் அடுப்பும் வைத்து, கொல்லிமலை, வால்பாறை என்று குடும்பத்தோடு சுற்ற ஆசைப்பட்டோம். நாங்கள் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பம். வேலையைக் கொடுத்தது புதுச்சேரியில் ஒரு பட்டறையில். பெயர் வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன்.

பேசிய தொகை 3,80,000 ரூபாய். மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் பலகை), 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி, சோலார், இன்வெர்ட்டர். "ஆர்.டி.ஓ. வேலையையும் நாங்களே முடிச்சுத் தரோம் சார், வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றார் பட்டறைக்காரர். விட்டுவிட்டு வந்தேன், அதுதான் தப்பு. ஒன்றரை மாதம் என்றது ஐந்து மாதம் ஆனது. அதைக்கூட விடுங்கள்.

முதல் பயணம் பிச்சாவரம். இரவு ஒன்பது மணிக்கு ஃபேன், சின்ன ஃபிரிட்ஜ், ஒரு லைட் போட்டோம். மூன்றும் சேர்ந்து சராசரி 60 வாட் தாண்டாது. 12.8 வோல்ட்டில் 100 ஆம்பியர்-ஹவர் என்றால் 1,280 வாட்-ஹவர். விடிந்த பிறகும் பாதிக்கு நெருக்கமாக மிச்சம் இருக்க வேண்டும். ஒரு மணிக்கே எல்லாம் அணைந்தது. அப்புறம் விடியும் வரை கொசுக்களுக்கு விருந்து.

ஊர் திரும்பியதும் தெரிந்த எலக்ட்ரீஷியன் தம்பி பேட்டரிப் பெட்டியைத் திறந்தார். வெளியே பளபள ஸ்டிக்கர், உள்ளே எதிலிருந்தோ கழற்றிய பழைய செல்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஆனால் அவர் முகம் மாறியது வயரைப் பார்த்துத்தான். 1,000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 80, 90 ஆம்பியர் இழுக்கும். அதற்குப் போட்டிருந்தது 4 ஸ்கொயர் எம்.எம். வயர், அவ்வளவு கரண்டைத் தாங்காத மெல்லிய வயர். பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் கிடையாது. அந்த வயர் தெர்மோகோல் மேல் ஓடுகிறது, அதற்கு மேல் பிளைவுட், அதற்கு மேல் என் பெண் படுக்கும் மெத்தை. "கரண்ட் அடுப்பு போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்ணே?" என்றார். இப்படிக் கட்டுகிறவர்கள் ஒயரிங் முடிந்ததும், பலகை அடிக்கும் முன், ஒரு எலக்ட்ரீஷியனோடு நேரில் போய்ப் பாருங்கள். மூடிவிட்டால் பெயர்த்தால்தான் தெரியும்.

பிளைவுட்டும் அப்படித்தான். பட்டறைக்காரர் மாதிரித் துண்டில் ஐ.எஸ். 710 முத்திரை காட்டினார், அது மரைன் பிளைவுட்டுக்கான தரம். எங்கள் வண்டியில் அடித்தது ஐ.எஸ். 303, பொது உபயோக பிளைவுட். சிங்க் அடியில் அப்பளமாக உப்பிவிட்டது.

ஆர்.டி.ஓ. கதை தனி. எங்களுடையது டி.என். 31 வண்டி. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, இப்படி மாற்ற வண்டி பதிவான அலுவலகத்தின் அனுமதி வேண்டும், அதை ஆர்.சி.யிலும் ஏற்ற வேண்டும். அதாவது கடலூரில். அவர் எதுவும் செய்யவில்லை. ஆர்.சி.யில் இன்றும் அத்தனை சீட்டும் அப்படியே இருக்கிறது, உள்ளே கட்டில். இந்த நிலையில் விபத்து என்றால் இன்சூரன்ஸ் கையை விரிக்கலாம்.

நுகர்வோர் சட்டம் 2019இன்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கடலூரிலேயே போடப் போகிறேன். 2,00,000 ரூபாய்க்கு வங்கிக் கணக்கு சாட்சி. மீதியை, "ரொக்கமா குடுத்தா ஜி.எஸ்.டி. மிச்சம் சார்" என்று சொன்னதற்கு மயங்கிக் கையில் கொடுத்தேன். பில் இல்லை. இருப்பது ஒரு எஸ்டிமேட் சீட்டு. நேற்று வக்கீலிடம் நீட்டியபோதுதான் நானே சரியாகப் படித்தேன்: 'பேட்டரி – 1' என்று மட்டும் எழுதியிருக்கிறது. லித்தியம் என்ற சொல்லே அதில் இல்லை.