ஜெஸ்ட்டில் எது: டூஈக்வலா, டூஸ்ட்ரிக்ட்ஈக்வலா?

அரேக்குள் அரே, அதற்குள் ஆப்ஜெக்ட் என்று போகும் தரவை ஜாவாஸ்கிரிப்ட் கோடைச் சோதிக்கும் கருவியான ஜெஸ்ட்டில் ஒப்பிட டூபீ (toBe) உதவாது. மதிப்புகள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தாலும், நினைவகத்தில் இரண்டும் வேறு வேறு ஆப்ஜெக்ட் என்றால் டெஸ்ட் ஃபெயில்தான். சரி, மிஞ்சுவது டூஈக்வலும் (toEqual) டூஸ்ட்ரிக்ட்ஈக்வலும் (toStrictEqual).

எத்தனை அடுக்கு இருந்தாலும் இரண்டுமே உள்ளே இறங்கிப் பார்க்கும். வித்தியாசம் டூஈக்வலின் தாராள மனசில். ஓர் ஆர்டருக்குள் பொருட்களின் அரே. ஒரு பொருளில் ‘தள்ளுபடி’ ஃபீல்டு அன்டிஃபைன்டாக (மதிப்பே தரப்படாமல்) இருக்கிறது, எதிர்பார்க்கும் மதிப்பில் அந்த ஃபீல்டே இல்லை. டூஈக்வல் பாஸ் போட்டுவிடும், டூஸ்ட்ரிக்ட்ஈக்வல் போடாது. அன்டிஃபைன்டுக்குப் பதில் நல் (null) இருந்தால் இரண்டுமே விடாது. கிளாஸிலிருந்து உருவான ஆப்ஜெக்டையும் அதே ஃபீல்டுகள் கொண்ட சாதா ஆப்ஜெக்டையும்கூட டூஈக்வல் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஜேசானாக (JSON) வெளியே போகும் தரவுக்கு டூஈக்வல் போதும் என்பேன். அன்டிஃபைன்ட் ஃபீல்டை ஜேசான் எப்படியும் உதறிவிடும். (அரேக்குள் இருந்தால் நல் ஆகிவிடும், அது தனிக் கதை.) ஆப்ஜெக்ட்டின் கீகளை எடுத்துச் சுற்றும் கோட், கிளாஸ் வகையை நம்பியிருக்கும் கோட் என்றால் கண்டிப்பானதையே எடுப்பேன்.

வரிசை மாறினால்? அரேயில் இரண்டும் ஃபெயில், செட்டில் (Set) இரண்டும் பாஸ். வரிசை முக்கியமில்லாத அரேயை முதலில் சார்ட் (sort) செய்துவிடுங்கள். எண்கள் என்றால் சார்ட்டுக்கு ஒப்பீட்டு ஃபங்ஷனும் கொடுங்கள், இல்லாவிட்டால் 10 போய் 9-க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும்.