ஸ்கிரைபஸ் 1.6: தமிழ் டிடிபி வேலைக்குத் தாங்குமா?

நம்ம ஊர் டிடிபி சென்டர்கள் பலவற்றில் இன்னும் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 2001-இல் வந்தது, அதற்குப் பிறகு அடோபி அடுத்த பதிப்பே விடவில்லை, இன்று எல்லாக் கணினியும் புரிந்துகொள்ளும் யுனிகோடு எழுத்து முறையும் தெரியாது, ஆனாலும் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் எல்லாம் அதில்தான். அதைக் காசு கொடுத்து வாங்கியவர் யார் என்று கேட்டால் சிரிப்பார்கள். அந்த இடத்தில் ஸ்கிரைபஸை, அதாவது இலவசமாகக் கிடைக்கும் திறந்த உரிமப் பக்க அமைப்பு மென்பொருளை, வைத்துப் பிழைக்க முடியுமா? முடியும், சில இடங்களில் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் பதிப்பு. யாராவது பழைய 1.4 கொடுத்தால் தொடாதீர்கள், அதில் தமிழ் உடையும், கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் என்று நிற்கும். எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் தொகுப்பை 1.5 சோதனைப் பதிப்புகளில்தான் சேர்த்தார்கள். அதெல்லாம் நிலையான பதிப்பாக, 1.6 என்று கைக்கு வந்தது 2024 ஜனவரியில். ஆக, "தமிழுக்கு வேறு வழியில்லை, அதான் கிராக் (பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி)" என்று சொன்னவர்கள் பக்கம் அதுவரை கொஞ்சம் நியாயம் இருந்தது. இப்போது இல்லை.

அச்சுக்கு அனுப்புவதில் இது கெட்டிக்காரன். சி.எம்.ஒய்.கே. (நான்கு மை சேர்த்து அச்சடிக்கும்) நிறம், ஸ்பாட் (தனியாகக் கலந்த மை) நிறம், பிரஸ் கேட்கும் பி.டி.எஃப்./எக்ஸ் வகைகள் எல்லாம் உண்டு. ஏற்றுமதிக்கு முன் ஃபைலைச் சோதித்து, எந்தப் படத்தின் தெளிவு போதாது, எந்தப் பெட்டியில் எழுத்து வழிந்து மறைந்திருக்கிறது என்று காட்டிவிடும். பிளேட் போட்ட பிறகு கடைசி வரி காணோம் என்று பிரஸ்காரர் போன் செய்யும் தலைவலி இதனால் பெரும்பாலும் போகும்.

குறைகளும் இருக்கின்றன. டேபிள் வசதி சுமார்தான், விலைப்பட்டியல் நிறைந்த மலர் என்றால் யோசிக்க வேண்டும். குறுகிய பத்தியில் இரண்டு ஓரமும் சமமாக அடித்தால், நம் நீளமான சொற்களால் நடுவே ஓட்டை விழும், பாரா ஸ்டைலில் இடைவெளியைக் கையால் சரிசெய்ய வேண்டும். பழைய பேஜ்மேக்கர் ஃபைலை ஓரளவு திறக்கும், அதை நம்பி வேலைக்கு முன்பணம் வாங்காதீர்கள். பழைய ஃபாண்டில் அடித்த பாடத்தை என்.எச்.எம். கன்வெர்ட்டரில் யுனிகோடாக மாற்றிப் புதிதாகக் கொட்டுவதே மேல்.

அப்புறம் திருட்டுக் காப்பிக்கு நியாயம் பேசுகிற பேச்சு. "அமெரிக்கக் கம்பெனிக்கு என் ஒரு காப்பியால் என்ன நஷ்டம்?" என்பார்கள். சரி, அதே கணினியில் ஃபாண்ட் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். கிடக்கும் தமிழ் எழுத்துருக்களில் பாதி, இங்கேயே சின்னச் சின்ன ஆட்கள் உட்கார்ந்து வரைந்து விற்றவை. பெரிய கம்பெனியைப் பழிவாங்குகிற கைதான் அதையும் பென்டிரைவில் அள்ளியது. எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. சட்டமும் விளையாட்டில்லை: பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபாரத்துக்கு இல்லையென்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிடலாம். நாம்தான் பில் போடுகிறோமே!

ஃபாண்டுக்கும் வழி இருக்கிறது. நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், கட்டமரன் மூன்றும் திறந்த உரிமம், கூலிக்கு அடிக்கும் வேலையிலும் தாராளமாகப் போடலாம். "இலவசம்" என்று கிடைப்பதையெல்லாம் அள்ளாதீர்கள், பலவற்றில் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். பிடித்த எழுத்து விலைக்கு இருந்தால் வாங்கிவிடுங்கள், ஒரு நல்ல மலர் வேலையின் கூலியில் அடங்கும்.

புத்தகம், மலர், நோட்டீஸ், பத்திரிகை அடிப்பவர்கள் தயங்காமல் மாறலாம். லோகோ, டிசைன் வேலைக்குப் பக்கத்தில் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதன் பி.டி.எஃப். ஆர்.ஜி.பி.யில் (கணினித் திரைக்கான நிறமுறை) வரும், நிறத்தை ஸ்கிரைபஸில் கொண்டுவந்து மாற்ற வேண்டும். பிரஸ்ஸில் கோரல் டிரா ஃபைல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் கோரலைக் காசு கொடுத்தே வாங்குங்கள், செலவைக் கூலியில் ஏற்றுங்கள். அதற்கு முன் ஒரு பக்கத்தை பி.டி.எஃப்.பாக எடுத்துப்போய் அவர்களிடம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பல பேர் வாங்கிக்கொள்கிறார்கள்.