ரவுட்டருக்கு மினி யூபிஎஸ்: வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்குவது?

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்குக் கரண்ட் போவதை விட ரவுட்டர் அணைவதுதான் பெரிய தொல்லை. லெப்டொப்பில் பெட்டரி இருக்கிறது, போனிலும் இருக்கிறது, ரவுட்டரில் மட்டும் இல்லை. 2022 மார்ச் கடைசியில் இருந்த 13 மணி நேர மின்வெட்டு இப்போது கிடையாதுதான். ஆனால் கார்த்திகை, மார்கழி மாரியில் ஒரு தென்னோலை கம்பியில் விழுந்தால் போதும், கல்லடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ அரை நாள் வேலை போய்விடும். இதற்குப் பெரிய யூபிஎஸ் (கரண்ட் போனால் பெட்டரியிலிருந்து மின்சாரம் தரும் பெட்டி) வேண்டாம், ரவுட்டருக்கென்றே வரும் சிறிய 12 வோல்ட் மினி யூபிஎஸ்ஸே போதும் என்பதுதான் எங்கள் முடிவு.

கணினிக்கு வைக்கும் 650 விஏ யூபிஎஸ்ஸில் உள்ள 12 வோல்ட் பெட்டரியின் மின்சாரம் முதலில் 230 வோல்ட்டாக மாறுகிறது. பிறகு ரவுட்டரின் அடாப்டர் அதைத் திரும்பவும் 12 வோல்ட் ஆக்குகிறது. இரண்டு தடவை மாற்றுவதில் நிறைய வீணாகிறது. போதாததற்கு அதனுள் இருக்கும் ஈய அமில பெட்டரிக்கு நம்மூர் வெக்கை ஆகாது. 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 பாகைக்கும் அதன் ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகும். மினி யூபிஎஸ்ஸில் லிதியம் செல்கள். 12 வோல்ட் நேரடியாக ரவுட்டருக்குப் போகிறது, கரண்ட் போன கணத்தில் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆவதும் இல்லை.

பெட்டியில் அச்சடித்திருக்கும் 'எட்டு மணி நேரம்' என்பதை அப்படியே நம்ப வேண்டாம். 8,800 மில்லி அம்பியர் மணி என்று போட்டிருந்தால் அது செல்லின் 3.7 வோல்ட்டில் எடுத்த கணக்கு. பெருக்கினால் சுமார் 32 வொட்-மணி வரும். அதை 12 வோல்ட் ஆக்கும் மாற்றத்தில் போவது போக 27 மிஞ்சும். வைஃபையோடு கூடிய ஃபைபர் ரவுட்டர் 8 வொட் இழுத்தால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம் கிடைக்கும். சாதாரண மின்வெட்டுக்கு இது தாராளம். சில வீடுகளில் ஃபைபர் பெட்டியும் வைஃபை ரவுட்டரும் வெவ்வேறாக இருக்கும். அங்கே இரண்டின் வொட்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும், ஒன்றுக்கு மட்டும் கொடுத்துப் பயனில்லை.

காத்தான்குடி, கல்முனைக் கடைகளில் எடுக்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். இவற்றில் பெரும்பாலும் இருக்கும் 18650 என்ற உருளை வடிவ லிதியம் செல் ஒன்று சுமார் 45 கிராம். நான்கு செல் என்று சொல்லும் பெட்டி 180 கிராமுக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கதை பொய். இரண்டு செல்லில் 10,400 மில்லி அம்பியர் மணி என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம், அப்படி ஒரு 18650 செல் இல்லை.

அடுத்து ரவுட்டரின் சொந்த அடாப்டரின் லேபிள். 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா, எத்தனை அம்பியர் என்று வாசித்துவிட்டுத்தான் வயரைச் செருக வேண்டும். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 கொடுத்தால் எரியலாம். சில பெட்டிகளில் நெட்வொர்க் வயரோடு சேர்த்து 24 வோல்ட் கொடுக்கும் துளையும் உண்டு. அதைச் சாதாரண ரவுட்டரில் கொழுவக் கூடாது. வயர் முனையில் உள்ள பின்னின் வெளிவிட்டம் 5.5 மில்லிமீற்றர்தான், ஆனால் உள்துளை 2.1, 2.5 என்று இரண்டு விதம். மாறினால் ஒன்றில் நுழையாது, இல்லையென்றால் தளர்வாக நிற்கும். வயர் அசைந்தவுடன் லைன் போவது பெரும்பாலும் இதனால்தான், பழி மட்டும் இன்டர்நெட் கம்பனி மீது விழும்.

அதிகம் பேர் சிக்குவது சார்ஜ் செய்யும் இடத்தில். ரவுட்டரோடு வந்த 12 வோல்ட் 1 அம்பியர் அடாப்டரையே யூபிஎஸ்ஸில் கொழுவுகிறார்கள். அது தரக்கூடியது 12 வொட். ரவுட்டருக்கு 8, வெறுமையான பெட்டரிக்கு இன்னொரு 8 என்றால் தாங்காது. அடாப்டர் சுடும், வோல்ட் இறங்கும், கரண்ட் வந்த பிறகும் ரவுட்டர் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். 2 அல்லது 3 அம்பியர் அடாப்டர் போட்டால் அந்தப் பிரச்சினை தீரும்.

ரவுட்டரின் மேல் யூபிஎஸ்ஸை வைக்காதீர்கள். இரண்டும் சூடு, செல் சீக்கிரம் கெடும். கடற்கரை ஓர வீடுகளில் உப்புக் காற்றால் பின்னில் பச்சை பிடிக்கும். ரவுட்டரை அணைத்துக் கழற்றி, ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

ஃபைபர் உள்ளவர்களுக்கு இதைத் தயக்கமின்றிச் சொல்வோம். தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை வரும் ஃபைபருக்கு இடைவழியில் கரண்ட் தேவையில்லை, எக்ஸ்சேஞ்சில் ஜெனரேட்டர் இருக்கும். 4ஜி ரவுட்டர் பாவிப்பவர்களுக்கு அப்படி உறுதி கொடுக்க முடியாது. டவரின் பெட்டரி தீர்ந்தால் ரவுட்டரில் லைட் எரியும், சிக்னல் வராது. 2025 பெப்ரவரி 9 போல நாடே இருளும் நாளில் எல்லாரும் அதே டவரில் ஏறுவதால் வேகமும் படுத்துவிடும். 4ஜி பாவிப்பவர்கள் இந்தக் காசை வேறு கம்பனியின் இரண்டாவது சிம் ஒன்றுக்குச் செலவழிப்பது மேல்.

வாங்கிய அன்றே முழுதாகச் சார்ஜ் ஏற்றி, பிளக்கைக் கழற்றி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று குறித்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதே சோதனை. நேரம் பாதியாகக் குறைந்தால் செல் மாற்றும் காலம். ஸ்பொட் வெல்டிங் மெஷின் உள்ள கடையிலேயே கொடுங்கள், செல்லின் மேல் நேரடியாக ஈயம் வைத்துச் சூடேற்றினால் உள்ளே பழுதாகும். கழற்றிய பழைய செல்லைக் குப்பையோடு சேர்த்து வளவில் எரிக்க வேண்டாம், வெடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி அந்தக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.